குதிரைத் திடலுக்கு முனி வந்த விதம்

இதை எழுதிவிட வேண்டும் என்று நோட்டை எடுப்பேன். சாமி விளக்கை ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு உட்காருவேன். ஒரு வரி எழுதுவதற்குள் கை ஓடாது. மூடி வைத்துவிடுவேன். இப்படியே எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. நான் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதக் காரணம் எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர். இந்த மலாய் நாட்டில் குருணுக்குத் தெற்கே, எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய குதிரைத் திடலின் பழைய சரித்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். துரைமார்கள் அங்கே வெளிவட்டத்தில் குதிரைப் பந்தயம் விட்டதற்கும் நடுவில் பந்து விளையாடியதற்கும் அவரிடம் படம் இருக்கிறது, நோட்டீசு இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்துக்கு மட்டும் ஒரு துண்டுத் தாளும் கிடைக்கவில்லை. மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, மூலையில இருக்குற முனி துரைமாருங்க காலத்துச் சாமிதானே? நூறு வருசம்னு போட்டுறட்டுமா?"

மூன்று தடவையும் "எனக்குத் தெரியாது தம்பி" என்று பொய் சொன்னேன். நாலாவது தடவை சொன்னால் ஆண்டவன் பொறுக்கமாட்டான்.

என் அப்பா அந்தத் திடலின் குதிரைக்காரர். கொட்டடிக்குப் பின்னால் எங்கள் வீடு. அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடு இருந்தார். தோட்டத்துப் பந்துக் குழுவுக்கு அவர்தான் கோல்கீப்பர். ஜப்பான்காரன் வந்து துரைமார்கள் ஓடிப்போனபோது குதிரைகளும் போய்விட்டன. முன்னங்கால் நொண்டும் ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் மிஞ்சியது. ஜப்பான்காரன் திடலைக் கொத்தி மரவள்ளி நடச் சொன்னான். அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தான். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. அடுத்த பட்டியலில் மாமா பெயர் இருந்தது.

ஒரு நாள் காலையில் கண் விழித்தால் குதிரையும் இல்லை, மாமாவும் இல்லை. குதிரை சீக்கு வந்து செத்துவிட்டது, திடல் மூலையில் பழைய சாணக் குழியில் போட்டு மூடிவிட்டேன், கிட்டே போனால் சீக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மாமா கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டாராம். எட்டு வயதில் அப்பா சொன்னதை நம்பாமல் வேறு யார் சொன்னதை நம்புவது?

உண்மையில், குதிரையை அப்பா விடியுமுன் பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர் ஒருவரிடம் ஓட்டிவிட்டிருந்தார். குழிக்குள், பலகைக்கும் மண்ணுக்கும் கீழே, மாமா இருந்தார். மூச்சுக்கு ஒரு மூங்கில் குழாய். அதை மறைக்கச் செரை என்கிற வாசனைப் புல் நட்டிருந்தார்கள். ஆள் பிடிக்கிற லாரி ஊரைத் தாண்டும்வரை ஒரு வாரம் ஒளிந்திருந்தால் போதும் என்று நினைத்தார்கள். கருக்கலில் அம்மா பலகையை நீக்கிக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவாளாம். இதெல்லாம் நான் பிள்ளை பெற்ற பிறகு அம்மா வாயால் கேட்டது.

நாலாம் நாள், உச்சி வெயில். பால்மரக் காட்டு ஓரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. சருகு நொறுங்கும் சத்தம் வந்தது. மூன்று காலை ஊன்றி ஒரு காலை இழுக்கிற நடை. நிமிர்ந்தேன். மரவரிசைக்கு நடுவே அந்த வெள்ளைக் குதிரை நின்று என்னையே பார்த்தது. கண்ணை இமைக்கவில்லை. பிறகு திரும்பி, ஒவ்வொரு மரமாக மறைந்து மறைந்து, ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மலாய்க்காரர் வீட்டில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய கொட்டடியைத் தேடி வந்திருக்கிறது. செத்ததாகச் சொன்ன குதிரையைக் கண்டதும் சுள்ளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மாவிடம் ஓடியிருக்கலாம். வழியில் கங்காணி வீட்டு அக்கா நின்றார். அவரிடம் சொல்லிவிட்டேன்.

"செத்த குதிரையாடி? நல்லா பாத்தியா?"

"ஆமாக்கா. அதே நொண்டிக் காலு."

"ஆத்தாடி! முனி அதை வாகனமாக்கிக்கிட்டாருடி. ஏய் எல்லாரும் வாங்க, குதிரைக்காரண்ணன் மகளுக்கு சாமி காட்சி குடுத்துருக்கு!"

பொழுது சாய்வதற்குள் தோட்டமே, குதிரையைப் புதைத்ததாக அப்பா சொன்ன அந்தக் குழி மேட்டைச் சுற்றி நின்றது. கல் நட்டார்கள், சூலம் வைத்தார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளை முனி குதிரையேறிப் போய்க் கூட்டிவருவார் என்று தாய்மார்கள் அழுதார்கள். மூன்று நாள் காப்புக் கட்டி அங்கேயே படுத்துக்கொண்டார்கள். அரிசி ஏது? மரவள்ளியைத் துருவித் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொங்கல் வைத்தார்கள். கூட்டம் கூடியதால் ஒரு ஜப்பான்காரன் துப்பாக்கியோடு காவலுக்கு வந்தான். அவன்கூடச் சிரித்துக்கொண்டே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தான். பலகையை நீக்க வழியில்லை. அப்பாவும் அம்மாவும் கைகூப்பி நின்றார்கள். நானும் நின்றேன்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் நண்பகல். விழுந்து கும்பிட்டேன். நெற்றி மண்ணில் பட்டபோது அடியிலிருந்து டொக், டொக், டொக் என்று கேட்டது. நின்றது. மறுபடி மூன்று.

"சாமி தட்டுறாரு!" என்று கத்தினேன்.

குலவை எழும்பியது. பறையை இன்னும் ஓங்கி அடித்தார்கள். அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, செரைப் புல்லின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். குழாய் வழியாக மாமாவின் தாகத்துக்கென்று அவள் கொடுத்தாள். கங்காணி வீட்டு அக்காவோ, "சாமி தண்ணி கேக்குதுடி!" என்றார். அவ்வளவுதான். பெண்கள் மஞ்சள் கரைத்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து அதே இடத்தில் ஊற்றினார்கள். நானும் ஒரு சின்னக் குடம் சுமந்து ஊற்றினேன்.

"போதும்! ஊத்தாதீங்க! போதும்!" என்று அம்மா தலைவிரி கோலமாகக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"அருள் வந்துருச்சு! இன்னும் எத்தனை குடம் வேணும், சொல்லு சாமி!" என்று பெண்கள் கூவினார்கள்.

வேப்பிலையை அவள் கையில் திணித்தார்கள். காவல்காரன் சிரிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அப்பா ஓடிவந்து அம்மாவின் வாயைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு, "சாமிதான். சாமிதான் வந்திருக்கு" என்றார். அவர் உடம்பு ஆடியது. அவர்மேலும் சாமி வருகிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி காது வைத்தேன். சத்தம் இல்லை. "சாமி குளுந்துட்டாரு" என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

பதினாறாம் நாள் அப்பா மொட்டையடித்துக்கொண்டு மேட்டில் இலை போட்டுப் படைத்தார். கேட்டவர்களிடம் குதிரைக்குக் கருமாதி என்றார். "மனுசனுக்கே இங்க கருமாதி இல்ல, குதிரைக்குப் பண்றான் பாரு" என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் அம்மாமேல் முனி இறங்கியது என்ற பெருமையைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வெட்கத்தை ஆற்றிக்கொண்டேன். நான் சொல்லும்போதெல்லாம் அம்மா ஏன் எழுந்து அடுப்படிக்குப் போனாள் என்று அன்றைக்கு விளங்கவில்லை. என்னை அவள் ஒரு நாளும் அடிக்காததும் விளங்கவில்லை.

முனி பொய் என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை பேர் அழுது கும்பிட்ட இடத்தில் ஆண்டவன் வந்து உட்காராமலா இருப்பான்? ஆனால் வாத்தியார் தம்பி, நூறு வருசம் என்று போட வேண்டாம். அடியில் இருப்பவர் என் மாமா, பந்து பிடித்தவர் என்று போடுங்கள். ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி என்று போடுங்கள். படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது குதிரைக்குச் சிறகு வைக்காதீர்கள், என்மேல் இரக்கப்பட்டு அந்தச் சின்னக் குடத்தை விட்டுவிடாதீர்கள். இருப்பதை இருப்பதுபோலச் சொல்லுங்கள். இன்றும் விளையாட்டுக்கு முன்னால் பையன்கள் அந்த மேட்டில் குடம் ஊற்றுகிறார்கள். அவர்களிடம் மட்டும் சீக்கிரம் போய்ச் சொல்லுங்கள், போதும் என்று.