குளிராத கார்கள்

ஏசி குளிரவில்லை என்று கார் கொண்டுவருகிறவர்கள் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்ற தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். கரண்ட் வருகிறதா பார்க்கிறேன் என்றால் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆட்டோமொபைல் படித்துவிட்டு, பாறசாலையில் ஹைவேயை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் ஏசியின் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். சேர்ந்த அன்றே முதலாளி ஸ்டீபன் அண்ணன் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் பாப்போம் மக்கா. நீ பாத்த வண்டி ரெண்டு திரும்பி வந்தா, பில் போடுத சீட்டுல போய் இருந்துக்கோ." அந்த சீட்டில் நிழல் உண்டு, ஃபேன் உண்டு. ஆனால் நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும். நாலு பேர் பார்த்தாலே பேச்சு நின்றுபோகிறவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

நாலில் மட்டும் காற்று

அமரவிளையிலிருந்து ஒரு டீச்சர் கணவரோடு வந்தார். காற்று நாலாம் நம்பர் வேகத்தில் மட்டும் வரும். ஒன்று, இரண்டு, மூன்றில் மூச்சே இல்லை. காற்று ஊதும் மோட்டார் போச்சு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மோட்டார் போயிருந்தால் நாலிலும் ஓடாதே. டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தேன். கணவரும் கூடவே குனிந்து, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். தள்ளி நில்லுங்கள் என்று சொல்லக் கூச்சம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் கருகியிருந்தது. வேறு போட்டதும் ஒன்றாம் நம்பரில் காற்று மெல்ல வந்தது. கணவர் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரும் வழியில் பார்த்த வாழைக்குலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்: "அதத் திரும்ப நாலுலயே வச்சிரு மோளே. ஒண்ணுல வச்சா இவரு பேசுதது எல்லாம் எனக்குக் கேக்குது."

கடல்கரை டாக்சி

சேவியர் அண்ணன் பொழியூர்க்காரர், டாக்சி ஓட்டுகிறவர். ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் பிடித்துச் சுற்றவில்லை. கம்ப்ரசருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி வோல்ட் மீட்டர் வைத்தேன். சுத்தமாகப் பன்னிரண்டு வோல்ட். கரண்ட் வருகிறது, அப்படியென்றால் கம்ப்ரசரைப் பிடிக்கவைக்கும் காந்தச் சுருள், காயில்தான் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். காயிலை மாற்றினார்கள். அன்று பிடித்தது. மூன்றாம் நாள் டாக்சி திரும்பி வந்தது.

இந்த முறை மீட்டருக்குப் பதிலாக ஒரு ஹெட்லைட் பல்பை கம்ப்ரசருக்குப் போகும் கம்பியில் மாட்டினேன். பல்பு மினுங்கிவிட்டு அணைந்தது. கம்பியின் தோலைக் கீறினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சை. உப்புக்காற்று தின்று, இரண்டு இழைதான் மிச்சம். மீட்டருக்குக் காட்ட அது போதும். கம்ப்ரசரைத் தொடர்ந்து இழுக்கப் போதாது. முதல் நாளே பல்பு மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டீபன் அண்ணன் ஒரு விரலை மட்டும் காட்டினார். சேவியர் அண்ணன் பேசினார்: "நீ மீட்டரை நம்பின, நான் உன்னை நம்பினேன், வேர்த்தது வண்டியில ஏறின ஆளுக்காக்கும்."

பூ கட்டிய கார்

அண்ணன் சொன்ன மாதம் முடிய நாலு நாள். காலையில் ஒரு கல்யாண கார் உள்ளே வந்தது. பின்சீட்டில் பட்டும் பூவுமாகப் பெண். முன்னால் ஸ்டியரிங்கில் அவளுடைய மாமா. களியக்காவிளையில் பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்குப் போக முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஓடும்போது குளிர்கிறது, நின்றால் அனல் என்றார் மாமா. கூடவே, "கேஸ் அடிச்சு விடு, வேகம்!"

காதைக் கொடுத்துக் கேட்டேன். முன்பக்கம் சுற்ற வேண்டிய ஃபேனின் சத்தமே இல்லை. ஓடும்போது வெளிக்காற்று அந்த வேலையைப் பார்த்துவிடும். நின்றால் சூடேறி கம்ப்ரசர் தானாக நின்றுவிடும். பானெட்டைத் திறக்க வேண்டும். அதன் குறுக்கே ரோஜாவும் முல்லையும் வலைபோலப் பின்னி, கிரில்லில் கட்டியிருந்தது. "கல்யாணக் கெட்டு முடியாம பூவுல ஆரும் கை வைக்காண்டாம்," என்றார் மாமா. பூவை அவிழ்க்கணும் என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்கவில்லை. வாய் வராததால் கை போய்விட்டது. கட்டரை எடுத்து வெட்டினேன்.

"ஏ பிள்ளே! ஆருகிட்ட கேட்டு வெட்டின?" மாமாவின் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்துவிட்டார்கள். பானெட்டுக்குள், பூ கட்டின மெல்லிய கம்பி கிரில் வழியாக நுழைந்து ஃபேனை இறுக்கிச் சுற்றியிருந்தது. ஃபேன் சிக்கி, ஃபியூஸ் எரிந்திருந்தது. கம்பியை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸ் போட்டேன். ஃபேன் சுற்றியது. மாமா வண்டியை எடுக்கப் போனார். நான் முன்னால் போய் நின்றேன். ஏசியைக் கடைசிக் குளிர் வரை திருப்பி வைத்து, வண்டியை நின்ற இடத்திலேயே அஞ்சு நிமிடம் ஓடவிடச் சொன்னேன். அந்த அஞ்சு நிமிடமும் மாமா என்னைத் திட்டினார். வண்டி நின்றும் குளிர் நிற்கவில்லை. போனார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு, பாதிப் பூவோடு அதே கார் திரும்பி வந்தது. ஸ்டீபன் அண்ணன் இரண்டாவது விரலையும் நீட்டிவிட்டார். நான் கார் பக்கம் போனேன். பின்சீட்டில் மாப்பிள்ளை மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். மாமா தலையை நீட்டினார்: "மோளே, நீ திருப்பி வச்சத ஆரும் பயந்து தொடல்ல. மாப்பிளை தும்மிட்டே இருக்கான். குளிரு கொஞ்சம் குறைச்சுத் தா."

ஏசிக் குமிழைத் திருப்பிக் குளிரைக் குறைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் இரண்டாவது விரலை மடக்கிக்கொண்டார்: "குளிரு கூடிப்போச்சுன்னு வந்தது கணக்குல சேராது. போய் அடுத்த வண்டியப் பாரு பிள்ளே."

கார் குளிர்வதற்கு முன்னால் நம் கைகால் குளிர்ந்துவிடுகிற வேலை இது.