அம்மா ஊற்றிய தண்ணீர்

ரெட்டியார்பாளையத்தில் நான் சேர்ந்த பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பிஷப் கிடையாது, வேதாகமம் மட்டும்தான். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் அங்கே செல்லாது. தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும்.

கத்தோலிக்கரான அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"பொறந்ததும் உனக்கு மூச்சுத் திணறுச்சு. ஞானஸ்நானம் குடுக்க சாமியார் வர்றதுக்குள்ள போயிடுவியோன்னு ஆஸ்பத்திரியில நானே உன் தலையில ஊத்துனேன். அது வெறும் தண்ணியாடி?"

"அப்ப நம்புனது நீதானம்மா, நான் இல்லியே."

 ஆனாலும் நான் முழுக்கு எடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா துண்டோடு கடற்கரைக்கு வந்தார்.

"விசுவாசிக்கிறேன்" என்று போதகரிடம் சொன்னேன்; பொய்யில்லை. அவர் என்னை அலைக்குள் சாய்த்ததும் மூச்சு முட்டியது. கர்த்தரைக் கூப்பிடவில்லை, "அம்மா" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர் நிறைந்தது.

கரையில் அம்மா என் தலையைத் துவட்டினார். "இப்ப செல்லுமாடி?"

அதற்கான வசனம் நாக்கு நுனியில் இருந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.