வாங்க சொல்லாத வீடு

என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். குழியின் ஆழத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் மனிதர், ஒரு நாள் காபி டம்ளரை மேசைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் வைத்தார். சொந்தக்காரர்கள் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். நடை குறுகியபோது வாயு என்றார்கள். தூக்கத்தில் கைகாலை வீசியபோது குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி என்றார்கள். பெரம்பலூரில் எங்கள் தெருவில் மட்டும் இத்தனை நரம்பு வைத்தியர்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

திருச்சியில், அதையே படித்த ஒருவர், லூயி பாடி டிமென்ஷியா என்றார். மூளையில் ஒரு புரதம் படிந்து நடையையும் பார்வையையும் யோசனையையும் சேர்த்துக் கெடுக்குமாம். மறதி பிந்தி வரலாம்; இல்லாத ஆட்கள் முந்தி வருவார்கள். ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் குழப்பம், சில நாள் இரண்டும். குணமாகாது; பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார்: "ஆளுங்க தெரியுறாங்கன்னு சொல்றார்னு யாராவது அமைதியாக்குற மாத்திரை குடுக்கச் சொல்லுவாங்க. எங்களக் கேக்காம குடுத்துடாதீங்கம்மா. இந்த நோய்ல அது ஆளையே முடக்கிடும்."

ஆட்கள் வந்தார்கள். சோபாவில் நான்கு பேர், வெள்ளைச் சட்டை. எங்கள் உறவினர்களோடு ஒப்பிட்டால் உத்தமமான விருந்தாளிகள்: காபி கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "வாங்க சார், உக்காருங்க" என்பார் இவர். இல்லை என்று நான் வாதாடுவதில்லை. "எனக்குத் தெரியலைங்க. உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். பயமில்லை என்றால் விட்டுவிடுவேன். பிம்பம் இன்னொரு ஆளாகத் தெரியாமலிருக்கக் கண்ணாடி பீரோவைத் துணியால் மூடினேன், கால் தடுக்கும் விரிப்புகளைச் சுருட்டினேன். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்பதால் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் எழுப்புவேன்.

அவர் சோபாவை வரவேற்றதை ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இவர் உஷாரானார். யார் உள்ளே வந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் "வாங்க". நான் வேலை பார்த்த பத்திரிகையில் புது நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம், கண்ணால் பார்த்ததையும் இன்னொருவரிடம் சரிபார் என்று. யாரும் கேட்டதில்லை. இவர் ஒருவர்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

அவருடைய அக்கா, என் அண்ணி, திருமழபாடியிலிருந்து முதல் முறை பார்க்க வந்த நாள் தெளிவான நாள். கொள்ளிடத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று இவர் விசாரித்தார். அண்ணி என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்லாத்தான இருக்கான் என் தம்பி? நீதான் சீக்காளி சீக்காளின்னு ஊருபூரா தண்டோரா போடுற."

"நாளைக்கும் இருந்து பாருங்க அண்ணி."

"எனக்கு வாழைக்குத் தண்ணி கட்டணும்."

அடுத்த முறை வந்தபோது அண்ணி வாசலில் நிற்க, இவர் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தலையாட்டுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"கூடப் பொறந்தவள வான்னு சொல்ல பொண்டாட்டி உத்தரவு வேணுமாடா? இந்தக் கொடும எந்த வூட்டுல நடக்கும்?"

விளக்கினேன். நோயைப் பற்றிச் சொன்ன மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இல்லாத ஆட்களை மட்டும் அண்ணி பிடித்துக்கொண்டார். தம்பியைப் பிடித்தது பேய் என்றால் பூசாரி, பைத்தியம் என்றால் மாத்திரை. பூசாரி ஊரில் இல்லை. தெரிந்த கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டையோடு மறு வாரமே வந்தார்.

"வேண்டாம் அண்ணி. இது அவர முடக்கிடும்னு டாக்டரே சொல்லியிருக்கார்."

"அவன் நிம்மதியா தூங்கிட்டா ஒனக்கென்ன நஷ்டம்?"

அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். ஒரு மாத்திரையை அண்ணி முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தார் என்பது, நான் ரேஷன் கடையில் நின்ற நேரத்தில் தயிர்சாதத்துக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் இவர் மரக்கட்டை மாதிரி கிடந்தார். கை மடங்கவில்லை. வாய் திறக்கவில்லை, ஓரமாக எச்சில் வழிந்தது. அண்ணி, "பாத்தியா, எப்பிடி அமைதியா இருக்கான்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். திருச்சிக்குக் காரில் போகும்போது வழி முழுக்கத் தம்பியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அண்ணி கூரையைப் பார்த்தார். அட்டையில் பார்த்த பெயரை நான் சொன்னேன்.

உயிர் தங்கியது. பேச்சு கொஞ்சம் திரும்பியது. நடை திரும்பவில்லை. அவரைத் தூக்க இப்போது இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் அண்ணிதான். வாழையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறார். தெருவில் கேட்பவர்களிடம் "யாரு கண்ணு பட்டுச்சோ" என்கிறார். பத்திரிகைகள்கூடத் தவறுக்கு ஒரு மூலையில் திருத்தம் போடும். அண்ணி அதுவும் போடவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இன்னொரு ஜோடிக் கை.

நேற்று மதியம் குழைத்த சோற்றை நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"அவசரப்படாத. முழுங்குனானான்னு பாத்துட்டு அடுத்த வாய் குடு. பொறையேறுனா சோறு நெஞ்சுக்குள்ள எறங்கி சளி கட்டிரும். எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

போன மாதம் அண்ணிக்கு நான் சொல்லிக்கொடுத்தது. தொண்டை ஏறி இறங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.