பெருமுக்கல் ஸ்டாப்பில் ஒரு ஹாரன்

கம்பெனி வேன் ஓட்டுறவங்களுக்கு நான் சொல்றது புரியும்: நம்ம பொம்பளைங்க தைக்கிற ஷூவை எந்த நாட்டுக்காரன் போடுறான்னு நமக்குத் தெரியாது, அவன் வாங்கலைன்னா மட்டும் நம்ம வண்டியிலதான் சீட்டு காலியாவும். மரக்காணம் பக்கத்துலேருந்து திண்டிவனம் ஷூ கம்பெனி வரைக்கும் ஆளுங்களை ஏத்திக்கினு வர்றது என் வேலை.

யாரோ போட்ட வரி

நம்ம சரக்குக்கு வெளிநாட்டுல வரி ஏத்திட்டாங்களாம், ஆர்டர் கம்மியாம். சூப்பர்வைசர் மீட்டிங் போட்டுச் சொல்லியிருக்காரு. சாயங்காலம் வேன்ல அதே பேச்சுதான். கடலோரக் குப்பத்து ராஜேஸ்வரி அக்கா என்கிட்ட கேட்டாங்க: "எங்க வூட்டுக்காரரு புடிக்கிற எறாவும் அந்த வெளிநாட்டுக்காரனுக்குத்தான் போவுது, நான் தைக்கிற ஷூவும் அவனுக்குத்தான் போவுது. எங்க வூட்டு அடுப்பு எரியறது அவன் கையிலயாண்ணா இருக்குது?"

ஜன்னல் சீட்டு

முன்னெல்லாம் ஜன்னல் சீட்டுக்கு அடிதடியே நடக்கும். மொதல்ல ஏறுறவ சாப்பாட்டுப் பையை வெச்சு கூட்டாளிக்கு எடம் புடிப்பா. பாதிப் பேரை வேலையிலேருந்து நிறுத்தினதுக்கு அப்புறம், மிச்சம் இருக்கறவங்க பின்னாடி சீட்டுலயே நெருக்கிக்கினு ஒக்காந்தாங்க. "அதான் காலியா கெடக்குதே, தாராளமா ஒக்காருங்கம்மா"ன்னேன். ஒரு பொண்ணு சொல்லிச்சு: "போனவங்க எடத்துல ஒக்காந்தா, அடுத்தது நாமதான்னு தோணுதுண்ணா."

பழக்கதோஷம்

பெருமுக்கல் அமுதாவையும் நிறுத்திட்டாங்க. புருஷன் இல்ல. ஒரே பொண்ணு, விழுப்புரத்துல நர்சிங் படிக்குது, தெனமும் வூட்டுலேருந்து பஸ்ல போயி வருது. "நாளையிலேருந்து அங்க நிறுத்தாதே"ன்னு ஆபீஸ்ல எனக்குத்தான் போன் பண்ணாங்க. அவகிட்ட போய்ச் சொன்னதும் நான்தான். படுபாவிங்க, இதுக்கும் வேன்காரன்தானா?

அடுத்த வாரம் காலையில அந்த வழியா வரும்போது, ஏதோ நெனப்புல ஸ்டாப்புல ஹாரன் அடிச்சிட்டேன். கழுத்துல கம்பெனி கார்டு ஆட, அமுதா ஓடி வந்தா. "ஆர்டர் வந்துடுச்சாண்ணா?"

வண்டியை நிறுத்தினேன். "இல்லம்மா, பழக்கதோஷம். மன்னிச்சுக்கோ."

அமுதா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "தெனமும் அடிச்சிட்டுப் போங்கண்ணா. நான் கார்டு மாட்டிக்கினு மல்லாட்டைக் கொல்லைக்குக் கூலிக்குக் களையெடுக்கப் போறேன். வேலை போனது பொண்ணுக்குத் தெரிஞ்சா படிப்பை விட்டுடுவா."

எங்கயோ இருக்குற ஒருத்தன் மனசு வெச்சு ஷூ வாங்குற வரைக்கும், ஏற ஆளில்லாத ஸ்டாப்புல ஹாரன் அடிக்கிறதும் நம்ம டூட்டிதாங்க.