ஜெருஷா ஓட்லியோட துப்பாக்கியில கேப்பு இல்ல

ஜெருஷா ஓட்லிய போன செவ்வாக்கிழமை பொதச்சோம். குழி வெட்டுன நாலு பேருக்கும் அந்தம்மாவப் பத்தி நாலு கதை தெரியுது. அதுல மூணு என் கடை நாற்காலியில பொறந்ததுதான், நான் மறைக்கல. மொகத்துல சோப்பப் பூசிட்டா உக்காந்திருக்கறவனால வாயத் தொறக்க முடியாது. சவரம் பண்றவன்தானே பேசியாகணும். ஆனா உண்மையா நடந்ததை மட்டும் இருபது வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு இந்த பெல்டன் டவுனுக்கே தெரியும்.

ஜெருஷா கெழக்க ஒஹையோ மாநிலத்துக்காரம்மா. பால் பண்ணை வெச்சிருந்த குடும்பம். புருஷன் அமோஸ விட ஒரு தலை ஒசரம். "முத்தம் குடுக்கணும்னா ஏணி வெச்சுக்குவியாடா?"ன்னு நான் கேப்பேன். "இல்லய்யா, அவ என்னத் தூக்கிக்குவா"ன்னு சொல்லுவான். அவன் பொழப்பு கோவேறு கழுதை வண்டி. ராணுவக் கோட்டைக்கு மாவு மூட்டை ஏத்திட்டுப் போனா வர பத்து நாளாகும். அந்தப் பத்து நாளும் டவுனுக்கு எட்டு மைல் தள்ளி, புல்லுமண்ணக் கட்டி கட்டியா வெட்டி அடுக்குன அந்த வீட்டுல ஜெருஷா மட்டும்தான். அக்கம்பக்கம்னு சொல்ல ஒரு ஓடை இருந்துச்சு.

வீட்டுல ஒரு ரிவால்வர். அமோஸ் சண்டைக்குப் போயிட்டுக் கொண்டு வந்தது. பழைய மாடல். உருளையில ஆறு குழி. ஒவ்வொரு குழியிலயும் கருமருந்தக் கொட்டி, ஈயக்குண்ட வெச்சு அமுக்கணும். குழிக்குப் பின்னாடி சின்னச் சின்னதாக் குமிழு இருக்கும். அது மேல பட்டாணித் தோலு அளவுக்குச் செப்புக் கேப்பு மாட்டுனாதான் வெடிக்கும். அதனால எங்க ஊர்ல ஒரு பழக்கம். வீட்டுக்குள்ள வந்ததும் கேப்ப மட்டும் கழட்டிக் கடுகு டப்பாவுல போட்டுடுவோம். மருந்து, குண்டு உள்ளயே கெடக்கும். பின்னாடி செப்பு மினுங்கலன்னா துப்பாக்கி தூங்குதுன்னு அர்த்தம். புள்ளைங்க கூட அத எடுத்துத் தொடைக்கும்.

புருஷனும் பொண்டாட்டியும் அதுல ஒரு வெளையாட்டு வெச்சிருந்தாங்க. வெளிய போயிட்டு அமோஸ் வாசலுக்கு வந்ததும் அந்தம்மா கேப்பு இல்லாத துப்பாக்கிய நீட்டும்.

"நில்லுய்யா வழிப்போக்கா! கையத் தூக்கு!"

"சுடாதீங்க அம்மணி! வீட்ல பொண்டாட்டி இருக்கா. பொல்லாத கோவக்காரி. நான் செத்துட்டேன்னு தெரிஞ்சா கொன்னே போட்டுடுவா!"

டிக்குனு விசைய அழுத்தும். அவன் நாக்கத் தொங்கவிட்டுட்டுத் தரையில விழுவான். அந்தம்மா அவனத் தாண்டிப் போயி அடுப்புல காப்பி வைக்கும்.

ஒரு குளிர்காலம் பனிப்புயல்ல கன்னுக்குட்டியத் தேடிப் போயி அந்தம்மாவோட விரல் நுனியெல்லாம் கறுத்துப் போச்சு. விரல் பொழச்சுது, நுனியில உணர்ச்சி மட்டும் திரும்பி வரல. அடுத்த வருஷம் அமோஸ் ஊர்ல இல்லாத நாள்ல ஒரு குடிகாரன் வந்து கதவ ஒதைச்சுக்கிட்டு நின்னிருக்கான். அந்தம்மா கேப்ப மாட்டப் பாத்தா ஒண்ணு கூட நிக்கல, எல்லாம் உருண்டு ஓடிப் போச்சு. அவனா அலுத்துப் போயிட்டான்னு வெச்சுக்குங்க. அமோஸ் வந்து பாக்கறப்ப அந்தம்மா மண் தரையில மண்டி போட்டு அழுதுக்கிட்டே கேப்பு தேடிட்டு இருந்துச்சாம்.

அந்த வாரமே என்கிட்ட வந்து ஒஹையோவுல இருக்கற அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னுச்சு. எனக்கும் எழுத்து அரைகுறைதான், ஆனா ஊர்ல அந்த அரைகுறை கூட மத்தவனுக்குக் கெடையாது. 'கொஞ்ச நாள் உங்கூட வந்து இருக்கணும் போல இருக்கு'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். நான் கடையில என்ன சொன்னேன் தெரியுமா? "ஓட்லி பொண்டாட்டி மூட்டை கட்டுதுடோய்!"னு சொன்னேன்.

அது அமோஸ் காதுக்குப் போயிருக்கணும். விசை ரிப்பேர்னு வீட்டுல பொய் சொல்லிட்டு ரிவால்வர எடுத்துக்கிட்டு நேரா ஹெங்கல்கிட்ட வந்தான். ஹெங்கல் ஜெர்மன்காரர், எங்க ஊர்த் துப்பாக்கி மெக்கானிக். என் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவுல ஒரு பலகைதான், நானும் எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பத்தான் பித்தளைத் தோட்டா புதுசா வந்திருந்துச்சு. கேப்பு, மருந்து, குண்டு எல்லாம் ஒண்ணுக்குள்ளயே. நுனி மரத்த விரலாலயும் சொருகிடலாம்.

ஹெங்கல் உருளையத் திருப்பிப் பாத்துட்டுக் கத்துனாரு. "என்னய்யா இது? குமிழு ஆறும் ஆணித்தலை மாதிரி தட்டையாக் கெடக்கு? கேப்பு மாட்டாம எவன்யா விசைய அழுத்துனான்?"

அமோஸுக்குக் காது செவந்து போச்சு. வெளையாட்டச் சொன்னான். நாங்க மூணு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

"போவுது. எப்படியும் அந்தப் பின்பக்கத்த அறுத்துத்தான் தள்ளப் போறேன்"னாரு ஹெங்கல்.

உருளையோட பின்பக்கத்தக் குமிழோட சேத்து அறுத்து எடுத்தாரு. அந்த எடத்துல ஒரு தட்டு வெச்சு, ஓரத்துல தோட்டா போட ஒரு குட்டிக் கதவு வெச்சாரு. பாக்கறதுக்குப் பழைய துப்பாக்கி மாதிரியேதான் இருந்துச்சு. மூணா நாளு அமோஸ் வந்தப்ப, பத்திரத்துக்கு ஒரு குழியக் காலியா விட்டுட்டு, அஞ்சு தோட்டாவ அவரே போட்டுக் குடுத்தாரு.

"அம்மாவுக்குக் காமிச்சுக் குடு."

"சாப்பிட்டு முடிச்சதும் காட்டறேன். இனிமே அவ ஒஹையோ பேச்சே எடுக்க மாட்டா பாருங்க." போறப்ப என்னப் பாத்து ஒரு மொறை மொறைச்சான். நான் கத்தியத் தீட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அவன் வீட்டுக்குப் போனப்ப ஜெருஷா மாட்டுக் கொட்டாய்ல இருந்துச்சு. எப்பவும் போல ஆணியில துப்பாக்கிய மாட்டிட்டுக் கழுதைய அவுக்கப் போனான். ஜெருஷா உள்ள வந்து பாத்துச்சு. துப்பாக்கி வந்திருக்கு. எடுத்துப் பின்பக்கம் பாத்துச்சு. செப்பு மினுங்கல. தூங்குது. வாசல்ல அமோஸ் காலடி கேட்டுச்சு.

மறுநாள் விசாரணை. புல்லக்கோட குதிரை லாயத்துல, ஓட்ஸ் மூட்டை மேல நாங்க ஆறு பேரு ஜூரி. அந்த லெட்டர எழுதிக் குடுத்தவனுக்கு அங்க என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணுமே, பேனா என் கையில. அமோஸ் பக்கத்துல வண்டித் துணிக்கு அடியில படுத்திருந்தான். சாவு விசாரணை எங்க ஊர்ல டாக்டரோட வேலை. அவரு கேக்கக் கேக்க ஜெருஷா நின்னுக்கிட்டே பதில் சொன்னுச்சு. அழல.

ஜூரிக்குத் தலைவன் புல்லக். "ஒஹையோவுக்குக் கெளம்பறதா இருந்தியாமே? புருஷன் விடலியாமே? ஊரே சொல்லுதே"ன்னான்.

ஊரே சொல்லுதாம். நான் தாளப் பாத்துக்கிட்டேன்.

அப்பறம் அவன் மேசை மேல இருந்த அந்த ரிவால்வரக் கையில எடுத்தான். பின்பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு எங்க பக்கம் நீட்டி, "இப்படியாம்மா பிடிச்ச?"ன்னு விசையில விரல வெச்சான்.

"கீழ போடுய்யா முட்டாளே!" லாயக் கதவோரம் நின்ன ஹெங்கல் ஓடி வந்து அவன் கையத் தட்டிவிட்டாரு. குட்டிக் கதவத் தொறந்து உருளையச் சுத்துனாரு. வெடிச்ச கூடு ஒண்ணும் முழுத் தோட்டா நாலும் மேசையில விழுந்துச்சு. ராத்திரி பூரா அந்தத் துப்பாக்கிய ஊர்ல பாதிப் பேரு கையில வெச்சுப் பாத்திருக்கோம். எல்லாரும் கேப்பு இருக்கான்னு மட்டும்தான் பாத்தோம். புல்லக் மூட்டை மேல உக்காந்தான்.

இருந்தாலும் அவன் விடல. "சரி, வெளையாட்டுன்னே வெச்சுக்குவோம். எட்டு மைலுக்கு ஆளில்லாத வீடு. வெளையாடினத யாரு பாத்தா? அவன் என்ன சொன்னான் அப்ப?"

ஜெருஷா சொன்னுச்சு. "எப்பவும் 'சுடாதீங்க அம்மணி'ம்பான். நேத்து 'சுடாத ஜெருஷா'ன்னான். என் பேரச் சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. புதுசா ஏதோ சேத்துக்கிட்டு வெளையாடறான்னு நெனச்சேன்."

'சுடாதன்னு பேரச் சொல்லிக் கெஞ்சினான், கேட்டுட்டுத்தான் சுட்டேன்.' தாள்ல எழுதினா அப்படித்தான் இருக்கும். ஜில்லாக் கோர்ட்டுல அத எவன் படிச்சாலும் கயிறுதான். எனக்கு எழுத ஓடல, பேனாவக் கீழ வெச்சேன்.

ஹெங்கல் அப்ப கோட்டுப் பையில இருந்து ஒரு இரும்பு வளையத்த எடுத்து மேசையில வெச்சாரு. அறுத்துத் தள்ளுன பின்பக்கம். ஆறு குமிழும் மழுங்கி, ஓரம் பிதுங்கி, காளான் மாதிரி இருந்துச்சு.

"யாரு பாத்தான்னு கேட்டியே புல்லக். இது பாத்துச்சு. ஒரு தடவ ரெண்டு தடவ அடிச்சா இப்படி ஆவாது. வருஷக்கணக்கா, அவன் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளும் இந்தம்மா டிக்கு டிக்குன்னு அடிச்சிருக்கு. எனக்கு அந்த வெளையாட்டு தெரியும். தெரிஞ்சும் தோட்டா போட்டுக் குடுத்தேன். யாரையாவது தூக்குல போடணும்னா என்னப் போடு."

வளையத்த ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் வாங்கிப் பாத்தோம். எங்க எல்லார் வீட்டுலயும் துப்பாக்கி இருக்கு. வெறும் குமிழு மேல அடிச்சா அது கெட்டுப் போவும்னு அமோஸுக்குத் தெரியாதா என்ன? கெட்டாக் கெட்டுட்டுப் போவட்டும்னு விட்டிருக்கான். புல்லக் அதக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலயே வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்தான். கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "தவறி வெடிச்சதுன்னு எழுது"ன்னான்.

எழுதுனேன். டாக்டர் படிச்சுக் காட்டச் சொன்னாரு. 'அமோஸ் ஓட்லி, மனைவி கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தார். யார் மேலும் குற்றம் இல்லை.' படிச்சதும் ஆறு பேரும் எந்திரிச்சுத் தொப்பியத் தேடுனோம்.

"அவ்வளவுதானா?"ன்னு கேட்டுச்சு ஜெருஷா.

"அவ்வளவுதாம்மா. நீ வீட்டுக்குப் போலாம்"னான் புல்லக்.

"என் பேரச் சொன்னானே. அது எங்க?"

"அதப் போட்டா வேற மாதிரி படிப்பாங்கம்மா. உன் கழுத்துக்கு வந்துடும்."

"வரட்டும். அவன் கடைசியாப் பேசினது அது ஒண்ணுதான்." அந்தம்மா புல்லக்கப் பாக்கல, என்னத்தான் பாத்துச்சு. "நான்தான் காதுல வாங்கல. நீயும் கேக்காத மாதிரி எழுதுவியா பார்பர்?"

நான் மறுபடி உக்காந்து பேனாவ மசியில முக்குனேன். புல்லக் என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டான், எழுத விடல. பேனா நுனியில இருந்து மசி சொட்டி, அந்த வரிக்குக் கீழ ஒரு திட்டா விழுந்துச்சு. ஜெருஷா அது காயற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போச்சு.