கண்ணுக்கு மட்டும் கருப்பு

மோகனப்ரியா நகரியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்கு வேலைக்கு வருகிறாள். சீசன் டிக்கெட்டை மாதாமாதம்தான் எடுப்பாள். ஆய்வகத்தில் அவள் வேலை, திட்டம் இருக்கும்வரைதான்.

செம்பும் துத்தநாகமும் வெள்ளீயமும் செலினியமும் கலந்த மெல்லிய சோலார் செல்லை ஒரு பெட்டிக்குள் இருட்டில் வைத்து, சிறிதளவு மாறுமின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடுக்கிறது என்று அவள் அளப்பாள். திரையில் புள்ளிகள் அரைவட்டமாக விழும். வட்டம் பெரிதானால் தடை அதிகம். பெட்டியை மூடும் கருப்புத் துணி அவளே நகரியில் வாங்கி வந்தது.

மூன்று வாரமாகப் பிற்பகல் அரைவட்டங்கள் சிறுத்தே வந்தன. செல் வெப்பத்தில் மாறுகிறது என்று ஆராய்ச்சி மாணவன் கிஷோர் அறிக்கை எழுதிவிட்டான். வெள்ளிக்கிழமை அது போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் திட்டத்தை நீட்டிப்பார்கள்.

புதன்கிழமை மதியம் கிஷோர், "ஏசி போடு ப்ரியா, வேவுது" என்றான். ரிமோட் துணியின் நுனிக்கு அடியில் கிடந்தது. அவள் துணியோடு சேர்த்தே அழுத்தினாள். ஏசி ஓடியது. மறுபடி அழுத்தினாள். நின்றது.

"இன்னாத்துக்கு அத்தோட வெளாடிக்கினு இருக்கே?"

"ரிமோட்டு வெளிச்சம் துணில பூந்து போவுதுண்ணா."

"போவட்டுமே."

"அது அகச்சிவப்பு. வெயில்லயும் அது இருக்குது. நம்ம கண்ணுக்குத்தான் இது கருப்பு, செல்லுக்கு இல்ல. மதியம் ஜன்னல் வெயிலு உள்ள போய்க்கினு இருக்குது. வெளிச்சம் பட்டா தடை கொறையும், அதான் வட்டம் சிறுத்து வருது."

கிஷோர் முகம் மாறியது. "நாளான்னிக்கி ரிப்போர்ட்டு. அது ஒன் துணி, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் துணியை எடுத்துவிட்டாள். பெட்டியை அலுமினியத் தாளால் சுற்றி, வெயில் நேராக விழும்போதே அளந்தாள். அரைவட்டம் காலையில் வந்த அளவுக்குப் பெரிதாக வந்தது. அதை அச்செடுத்துப் பேராசிரியர் நாகபூஷணத்திடம் கொண்டுபோனாள்.

துணி யார் கொண்டுவந்தது என்று அவர் தெலுங்கில் கேட்டார்.

"நேனே சார்."

அவர் ரிமோட்டைத் துணியில் சுற்றித் தானே மூன்று முறை அழுத்திப் பார்த்தார். பிறகு அறிக்கையை நிறுத்தி, இரண்டு வாரம் அவகாசம் கேட்டு எழுதினார்.

அதிலிருந்து கிஷோர் அவளோடு பேசவில்லை. புது அளவுகளில் காலைக்கும் பிற்பகலுக்கும் வித்தியாசம் இல்லை. அவன் கண்டுபிடிப்பும் இல்லை. அதையே எழுதி அனுப்பினார்கள். நீட்டிப்பு வந்தது, மூன்று மாதத்துக்கு.

"துணி வாங்கியாந்ததும் நீ, குத்தம் கண்டதும் நீ" என்றான் கிஷோர். அன்றுதான் மறுபடி பேசினான்.

நகரி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் வழக்கம்போல ஒரு மாதத்துக்குப் போடப் போனார்.

"மூணு மாசம் போடுங்கண்ணா."

"இன்னாம்மா, பர்மனெண்ட் ஆயிட்டியா?"

"இல்லண்ணா. மூணு மாசம் நிச்சயமா இருக்குது."