நோன்பு துறந்து போட்ட இரண்டு குளிசைகள்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். வீட்டில் கல்யாணமாகாத குமர் இருக்கும்போது அவளுடைய உம்மாவுக்கு வலிப்பு என்று ஊருக்குச் சொல்ல மனம் வரவில்லை. அதைவிட, பிழை என்னுடையது. அல்ஹம்துலில்லாஹ், மகள் இப்போது புருஷனோடு நன்றாக இருக்கிறாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

என் மனைவிக்கு வலிப்புக்குக் காலையில் ஒரு குளிசை, இரவில் ஒரு குளிசை. அந்த ரமழானில், "இந்த முறையும் நான் நோன்ப விடணுமா?" என்று கண் கலங்கினாள். மருதமுனையில் தறி நெய்கிற எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும், "பொழுது பட்டதும் நோன்பு துறந்து ரெண்டையும் ஒண்டாப் போடு, சரியாப் போகும்" என்றேன்.

நான்காம் நோன்பு. கஞ்சி குடித்து, குளிசைகளை விழுங்கியவள் தராவீஹ் தொழுகைக்காகக் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போன இடத்தில் சுவரைப் பிடித்தபடி சரிந்து இருந்துவிட்டாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. வலிப்பு வரப்போகிறது என்று நினைத்து இன்னொரு குளிசையோடு ஓடினேன்! மகள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வாப்பா, பொறுங்க! உம்மாட நாடி மெதுவா அடிக்குது."

எனக்கு வாங்கிய பிரஷர் மெசினைக் கட்டினாள். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது, நாடி நாற்பதுதான். த்ரீவீலரில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழி முழுக்க ஸலவாத்து ஓதினேன். என் விரல் அவளுடைய மணிக்கட்டை விடவேயில்லை.

ஈசீஜீ எடுத்த இளம் டொக்டர் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "காக்கா, ஒண்டாப் போடச் சொன்ன டொக்டர் ஆரு?"

"நான்தான், தம்பி."

"நீங்க எந்தக் கெம்பஸ்ல டொக்டருக்குப் படிச்ச?"

அவர் சிரிக்கவில்லை. இந்த வகைக் குளிசை சிலருக்கு இதயத் துடிப்பை மெதுவாக்கும், பிரஷரையும் இறக்கும், அளவு ஒரேயடியாகக் கூடினால் ஆபத்து என்று விளக்கினார். நோயாளி நோன்பை விடலாம் என்று மார்க்கம் தந்த சலுகையையும் அவரே நினைவூட்டினார். தலை குனிந்து கேட்டேன்.

காலையில் மெசின் திரையில் நாடி எழுபது! வராந்தாவிலேயே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தேன். எழும்பி வந்து மறுபடியும் திரையையே பார்த்தேன்.

"மெசினப் பார்த்தது காணும், என்னையும் கொஞ்சம் பாருங்க" என்றாள் அவள்.

ஆனால் நான் ஒளித்த கதை, எங்கள் பெயர் இல்லாமல், அண்மையில் ஊருக்குள் போனது வேறு மாதிரி. "வலிப்புக் குளிசை இதயத்த நிப்பாட்டும்" என்று கேட்ட ஒரு பெண் தன் குளிசையை வீசிவிட்டு, மூன்றாம் நாள் வலிப்பில் விழுந்து தலை உடைந்தாள். அதனால்தான் எழுதிவிட்டேன். குளிசையை நிறுத்தாதீர்கள். நேரத்தையும் அளவையும் நீங்களாக மாற்றாதீர்கள். நோன்புக்கு முன் டொக்டரிடம் கேளுங்கள். இதை யாருக்குச் சொன்னாலும் கூட்டாமல், குறைக்காமல், என் பிழையையும் சேர்த்து, இப்படியே சொல்லுங்கள்.